டாக்டர் படிப்பில் 'மனசு' பாடம்: மாணவர்களுக்கு ஏன் கசக்கிறது?

தண்டலம்-

மனித உடம்பில் எலும்புகள் 206. டாக்டருக்குப் படிக்கும் மாணவனை நள்ளிரவில் தட்டி எழுப்பிக் கேட்டாலும், எந்த எலும்பு எங்கே இருக்கிறது என்று மளமளவென்று ஒப்பிப்பான்.

ஆனால் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் நோயாளி, ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையைச் சாப்பிடாமல் ஏன் டிரங்குப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறார் என்று கேட்டால்?

திருதிருவென்று முழிப்பான்!

எலும்பைப் பற்றிப் பாடம் இருக்கிறது. இந்தக் கேள்விக்கும் பாடம் இருக்கிறது. ஆனால் அந்தப் பாடத்தை மாணவ-மாணவிகள் பலர் மதிப்பது இல்லை. "பாஸ் பண்ணினால் போதும்" என்று தள்ளி வைத்து விடுகிறார்கள்.

அந்தப் பாடத்தின் பெயர் நடத்தை அறிவியல்.

மனுஷன் நோயை ஏன் மறைக்கிறான்? வைத்தியத்தை ஏன் பாதியில் விடுகிறான்? குடி கெடுதல் என்று தெரிந்தும் ஏன் குடிக்கிறான்? டாக்டர் சொல்வதை நம்பாமல், பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதை ஏன் நம்புகிறான்? இதையெல்லாம் ஆராய்வதுதான் இந்தப் படிப்பு.

இதைப் படிக்காத டாக்டரிடம் போனால் என்ன ஆகும்? நஷ்டம் யாருக்கு?

கம்பெனி பஸ் ஓடும் ஊர்

சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் பூந்தமல்லியைத் தாண்டி, ஸ்ரீபெரும்புதூர் போகும் வழியில் இருக்கிறது தண்டலம். சவீதா மருத்துவக் கல்லூரி 2008-ம் ஆண்டு முதல் இங்கே நடக்கிறது.

சாலையில் இன்னும் கொஞ்ச தூரம் போனால் இருங்காட்டுக்கோட்டை சிப்காட். 1998-ல் கார் உற்பத்தியைத் தொடங்கிய ஹூண்டாய் தொழிற்சாலை அங்கேதான். ஒரகடத்தில் ரெனால்ட்-நிசான் கார் தொழிற்சாலை 2010-ல் வந்தது. சுங்குவார்சத்திரம் பக்கம் செல்போன் தொழிற்சாலை.

விடியற்காலையிலும், நள்ளிரவிலும் கம்பெனி பஸ்கள் ஓடுகின்றன. தென் மாவட்டத்துப் பெண்கள், பீகார்-ஒடிசா இளைஞர்கள், ஊர்க்காரர்கள் என்று எல்லோரும் ஷிப்டுக்கு ஓடுகிறார்கள்.

இப்படிப்பட்ட வட்டாரத்தில் டாக்டராகிறவரிடம் வெறும் தலைவலி வராது. தலைவலிக்குப் பின்னால் நைட் ஷிப்டு இருக்கும். வயிற்று வலிக்குப் பின்னால் விடுதிச் சாப்பாடு இருக்கும். தூக்கம் வராததற்குப் பின்னால் ஊரில் வாங்கிய கடன் இருக்கும். ரத்தப் பரிசோதனையில் கடன் தெரியாது. கேட்டால்தான் தெரியும்.

மூன்று சாக்கு

டாக்டர் மாணவர்கள் இந்தப் பாடத்தை ஒதுக்குவதற்கு உலகம் முழுவதும் ஏறக்குறைய ஒரே காரணங்களைத்தான் சொல்கிறார்கள்.

முதல் காரணம், மார்க். எம்.பி.பி.எஸ். சேருவதற்கான 'நீட்' தேர்வுக்கு மொத்தம் 720 மார்க். பிசிக்சுக்கு 180, கெமிஸ்ட்ரிக்கு 180, பயாலஜிக்கு 360. மனிதர்களோடு பழகுவது பற்றி ஒரு மார்க் கூடக் கிடையாது. எம்.பி.பி.எஸ். முடித்ததும் எம்.டி., எம்.எஸ். இடத்துக்கு இன்னொரு நுழைவுத் தேர்வு. இதில் முந்துவதற்கு மெடிசின், சர்ஜரியைப் புரட்டுவார்களா, மனசைப் பற்றிப் படிப்பார்களா?

இரண்டாவது காரணம், "இதில் படிக்க என்ன இருக்கிறது? பொது அறிவுதானே!" என்ற எண்ணம். நோயாளியிடம் அன்பாகப் பேசவேண்டும், அவ்வளவுதான் என்று நினைக்கிறார்கள்.

மூன்றாவது காரணம், நம் எல்லோருக்கும் இருக்கிற அதே எண்ணம். மனசு என்றாலே 'கீழ்ப்பாக்கம்' என்று கிண்டல் பண்ணிப் பழகி விட்டோம். சென்னையில் மனநோயாளிகளுக்கான இல்லம் 1794-ம் ஆண்டிலேயே தொடங்கியது. அதுதான் இன்றைய கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை. 230 வருஷம் ஆகியும் கிண்டல் போகவில்லை. டாக்டருக்குப் படிக்கும் பையனும் இதே ஊரில், இதே சினிமாவைப் பார்த்து வளர்ந்தவன்தானே!

இதன் விளைவு என்ன? பெங்களூர் 'நிம்ஹான்ஸ்' நிறுவனம் தமிழ்நாடு உள்பட 12 மாநிலங்களில் 2015-16-ல் தேசிய மனநல சர்வே நடத்தியது. வயது வந்தவர்களில் 100-க்கு சுமார் 10 பேருக்கு ஏதாவது ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகத் தெரிந்தது. நோய்க்குத் தகுந்தபடி, 100-க்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சையே பெறவில்லை.

இவர்களில் பலர் மனநல டாக்டரிடம் போகமாட்டார்கள். நெஞ்சு படபடப்பு, முதுகு வலி, வாயுத் தொல்லை என்று சாதாரண டாக்டரிடம்தான் வருவார்கள். அந்த டாக்டர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நெடுஞ்சாலையில் ஓடிய வதந்தி

"பொது அறிவு போதும்" என்கிறவர்களுக்கு இந்த நெடுஞ்சாலையிலேயே பதில் இருக்கிறது.

2021-ம் ஆண்டு டிசம்பர் மாதம். பாக்ஸ்கான் செல்போன் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெண்கள், பூந்தமல்லி அருகே ஒரு விடுதியில் தங்கி இருந்தார்கள். அங்கே சாப்பிட்டவர்களுக்கு வாந்தி, பேதி. 250 பேருக்கும் மேல் சிகிச்சை பெற்றார்கள். அவர்களில் 159 பேரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தது.

அதற்குள், "சில பெண்கள் செத்துப் போய்விட்டார்களாம். மறைக்கிறார்களாம்" என்று செல்போனில் தகவல் பறந்தது.

டிசம்பர் 17-ந் தேதி இரவு ஆயிரக்கணக்கான பெண்கள் ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். மறுநாளும் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். பஸ், லாரி எதுவும் நகரவில்லை. யாரும் சாகவில்லை என்று அதிகாரிகள் சொல்லியும் லேசில் நம்பவில்லை.

வாந்திக்கு டிரிப்ஸ் ஏற்றலாம். வதந்திக்கு என்ன ஏற்றுவது?

ஆல்போர்ட், போஸ்ட்மேன் என்ற இரண்டு அமெரிக்க மனவியல் அறிஞர்கள், வதந்தியைப் பற்றி 1947-ல் ஒரு புத்தகம் எழுதினார்கள். அவர்கள் கண்டுபிடித்த கணக்கு எளிமையானது. விஷயம் எவ்வளவு முக்கியமோ, அதைப்பற்றிய தகவல் எவ்வளவு குழப்பமோ, அவ்வளவுக்கு வதந்தி பரவும். இரண்டில் ஒன்று பூஜ்யம் ஆனால் வதந்தியும் பூஜ்யம்.

கூட வேலை பார்க்கும் தோழியின் உயிர் என்பது முக்கியமான விஷயம். அதைக் குறைக்க முடியாது. குழப்பத்தைத்தான் குறைக்க முடியும். 'எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை பேர், யார் யார், எப்படி இருக்கிறார்கள்' என்று முதல் மணி நேரத்திலேயே சொல்ல வேண்டும். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை திரும்பவும் சொல்ல வேண்டும்.

இது அன்பாகப் பேசுகிற விஷயம் அல்ல. படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

சேத்துப்பட்டில் மாத்திரை எண்ணினார்கள்

இந்தப் படிப்பால் உயிர் பிழைக்குமா என்று கேட்கலாம். பிழைத்து இருக்கிறது. அதுவும் சென்னையில்!

1956-ம் ஆண்டு சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி மையம் ஒன்று தொடங்கப்பட்டது. மாநில அரசு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து தொடங்கின.

அந்தக் காலத்தில் டி.பி. வந்தால் சானடோரியத்தில் மாதக் கணக்கில் படுக்க வேண்டும். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு. ஆனால் அத்தனை நோயாளிகளுக்கும் படுக்கைக்கு எங்கே போவது?

193 நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதி பேருக்கு சானடோரியத்தில் சிகிச்சை. மறு பாதி பேருக்கு அவரவர் வீட்டிலேயே மாத்திரை. வீடு என்றால் நெரிசலான ஏழை வீடு. அரை வயிற்றுச் சாப்பாடு.

ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமாகி இருந்தார்கள். 1959-ல் இந்த முடிவு வெளியானது. உலகம் முழுவதும் டி.பி. வைத்தியமே மாறிப்போனது. அந்த மையம்தான் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிலையம்.

இதில் மாணவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிட்டு டாக்டர்கள் சும்மா இருக்கவில்லை. சுகாதார ஊழியர்கள் திடீர் திடீரென்று வீட்டுக்குப் போய் மிச்சம் இருக்கும் மாத்திரையை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து, மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தார்கள்.

"நோயாளி சாப்பிடுகிறேன் என்றால் சாப்பிடுகிறார் என்று அர்த்தம் இல்லை" என்பது அங்கே பாடமானது. பிறகு 1960-களில், வாரம் 2 தடவை நேரில் வரவைத்து, கண் முன்னால் மருந்து கொடுக்கும் முறையையும் சென்னையிலேயே சோதித்தார்கள்.

கிருமியைக் கொன்றது மருந்து. மருந்தை வாய் வரைக்கும் கொண்டுபோனது, மனுஷனைப் பற்றிய அறிவு.

"சாப்பிடுறேன் சார்!"

இன்றைக்கு இந்த வட்டாரத்தில் இதே கதை எப்படி வரும்? ஒரு உதாரணம் பார்க்கலாம்.

கார் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒருவர். வயது 38. ரத்தக் கொதிப்பு. மாத்திரை கொடுத்தும் குறையவில்லை.

"அண்ணே, மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?"

"சாப்பிடுறேன் சார்."

பயிற்சி டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதிக் கொடுக்கிறார். அடுத்த மாதமும் பிரஷர் குறையவில்லை.

விஷயம் என்னவென்றால், அது சிறுநீரை அதிகமாகப் பிரிய வைக்கும் மாத்திரை. காலையில் சாப்பிட்டால் அடிக்கடி கழிவறைக்குப் போக வேண்டும். ஓடுகிற லைனில் நிற்கிறவர் அடிக்கடி போக முடியுமா? சூப்பர்வைசர் முறைப்பார். அதனால் வேலை நாட்களில் மாத்திரையே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்! டாக்டர் முன்னால் இதைச் சொல்ல வெட்கம்.

கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டிருந்தால் போதும். "நிறைய பேருக்கு தினமும் சாப்பிட முடியறது இல்லேண்ணே. உங்களுக்குப் போன வாரம் எத்தனை நாள் விட்டுப்போச்சு?"

இப்படிக் கேட்டால் குற்றம் சாட்டுவதுபோல் இருக்காது. உண்மை வெளியே வரும். வேறு மாத்திரைக்கு மாற்றிக் கொடுத்தால் விஷயம் முடிந்தது.

கேட்காமல் விட்டால்? ஒருநாள் லைனிலேயே சுருண்டு விழுவார். பக்கவாதம் என்பார்கள். ஒரு குடும்பம் நடுத்தெருவுக்கு வரும்.

அமெரிக்காவில் பெக்மேன், பிராங்கெல் என்ற இரண்டு பேர் 1984-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். நோயாளி தன் குறையைச் சொல்லத் தொடங்கினால், டாக்டர் எத்தனை நேரத்தில் குறுக்கே பேசுகிறார் என்று கணக்கு எடுத்தார்கள். சராசரியாக 18 வினாடி! வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி மடிப்பதற்குக் கூட அதைவிட அதிக நேரம் ஆகும்.

கிண்டியில் விழுந்த கத்திக்குத்து

இந்தப் பாடம் நோயாளிக்கு மட்டும் அல்ல, டாக்டருக்கும் தேவை.

2024-ம் ஆண்டு நவம்பர் 13-ந் தேதி. கிண்டி கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு மருத்துவமனை. பட்டப்பகலில், ஆஸ்பத்திரிக்கு உள்ளேயே, புற்றுநோய் டாக்டர் ஒருவரை ஒரு வாலிபர் கத்தியால் சரமாரியாகக் குத்தினார். தாயாருக்குச் சரியான சிகிச்சை தரவில்லை என்ற ஆத்திரம் காரணம் என்று சொல்லப்பட்டது. டாக்டர் உயிர் பிழைத்தார். வாலிபர் கைதானார்.

கத்தியை எடுத்தது குற்றம். அதற்கு எந்த நியாயமும் கிடையாது. ஆஸ்பத்திரி ஊழியர்களைத் தாக்கினால் தண்டிக்க 2008-ம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது.

ஆனால் போலீஸ் வருவது சம்பவம் நடந்த பிறகு. அதற்கு முன்னால், ஆஸ்பத்திரி வராந்தாவில் பயம் கோபமாக மாறுகிற நேரம் ஒன்று இருக்கிறது. அந்த நேரத்தை அடையாளம் கண்டுகொள்ளக் கற்றுக்கொடுப்பது இந்தப் பாடம்தான்.

கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது என்பதற்குக்கூட முறை இருக்கிறது. 2000-ம் ஆண்டில் புற்றுநோய் சிகிச்சைக்காக 6 படிகளாக வகுத்தார்கள்.

தனி இடத்தில் உட்கார வை. அவருக்கு ஏற்கனவே என்ன தெரியும் என்று கேள். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேள். எளிய வார்த்தையில் சொல். அழுகையோ கோபமோ வந்தால் அதற்கு இடம் கொடு. கடைசியாக, அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்று சொல்.

வராந்தாவில் நடந்துகொண்டே, "கேஸ் சீரியஸ்மா, கையெழுத்துப் போடுங்க" என்று சொல்வதற்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

மூன்றாம் வருஷம் காய்கிற ஈரம்

டாக்டர் மாணவர்கள் இரக்கம் இல்லாதவர்களா? இல்லை. சேரும்போது எல்லோருக்கும் இரக்கம் உண்டு. பிறகுதான் காய்ந்து போகிறது.

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் உள்ள ஜெபர்சன் மருத்துவக் கல்லூரியில் 456 மாணவர்களை வருஷா வருஷம் சோதித்து, 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். முதல் இரண்டு வருஷமும் மாணவர்களின் பரிவு பெரிதாக மாறவில்லை. மூன்றாம் வருஷம் சட்டென்று இறங்கியது.

அந்த வருஷம்தான் மாணவர்கள் நோயாளிகளை நெருக்கமாகப் பார்க்கத் தொடங்கும் வருஷம்! வேலைப் பளு, தூக்கம் இல்லை, அவசரம். பெரியவர்கள் நோயாளிகளை எப்படி நடத்துகிறார்களோ, அதையே சின்னவர்களும் கற்றுக்கொள்கிறார்கள். "பெட் நம்பர் 14" என்று பேசத் தொடங்கி விடுகிறார்கள். 14-க்கு ஒரு பெயர் உண்டு என்பது மறந்து போகிறது.

சட்டம் மாறிவிட்டது

இதையெல்லாம் பார்த்துதான் டாக்டர் படிப்பில் மாற்றம் வந்தது.

நோய் என்பது உடம்பு மட்டும் அல்ல. உடம்பு, மனசு, சமூகம் மூன்றும் சேர்ந்தது என்று அமெரிக்க டாக்டர் ஜார்ஜ் ஏங்கல் 1977-லேயே எழுதினார். அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வின் 4 பகுதிகளில் ஒன்று, 2015 முதல் மனவியல்-சமூகவியல் சார்ந்தது. அதாவது சேருவதற்கு முன்பே படித்தாக வேண்டும்.

இந்தியாவில் 2019-ம் ஆண்டு சேர்ந்த எம்.பி.பி.எஸ். மாணவர்களில் இருந்து புதிய பாடத்திட்டம். மனப்பான்மை, நெறிமுறை, பேச்சுத் திறன் மூன்றையும் சேர்த்து 'ஏட்காம்' என்று 27 பாடங்கள் வைத்தார்கள். "டாக்டராக இருப்பது என்றால் என்ன?", "நோயாளியாக இருப்பது என்றால் என்ன?" என்பதுதான் முதல் இரண்டு பாடங்கள். இந்த வகுப்புகளுக்கு 75 சதவீதம் வருகை இல்லாவிட்டால் பரீட்சை எழுத முடியாது என்று விதி போட்டார்கள்.

பயிற்சி டாக்டர்களுக்கும் 2021-ல் புதிய விதி வந்தது. ஒரு வருஷப் பயிற்சியில் மனநலப் பிரிவில் 2 வாரம் கட்டாயம். மெடிசினில் 6 வாரம், சர்ஜரியில் 6 வாரம், சமூக மருத்துவத்தில் 12 வாரம்.

விதி வந்தாலும் மனசு வரவேண்டுமே! வருகைக்காக வந்து உட்கார்ந்து, மேஜைக்கு அடியில் நுழைவுத் தேர்வு புத்தகத்தைப் புரட்டினால் என்ன பயன்? நுழைவுத் தேர்வில் இந்தப் பாடத்துக்கும் மார்க் வைக்காத வரை இதுதான் நடக்கும். அதைச் செய்ய வேண்டியது மாணவர்கள் அல்ல, டெல்லியில் தேர்வு நடத்துகிறவர்கள்.

நோயாளி என்ன செய்யலாம்?

நாமும் சும்மா இருக்க வேண்டியது இல்லை. மாத்திரையை விட்டுவிட்டால், "விட்டுட்டேன் டாக்டர்" என்று சொல்லிவிட வேண்டும். நைட் ஷிப்டு, குடி, கடன், தூக்கம் இன்மை எதையும் மறைக்கக் கூடாது. புரியாவிட்டால், "இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேட்கலாம். அது நம் உரிமை.

மனசு சரி இல்லை என்றால் 14416 என்ற எண்ணுக்கு போன் செய்யலாம். 2022-ம் ஆண்டு மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவை. 24 மணி நேரமும் உண்டு. காசு கிடையாது. தமிழிலேயே பேசலாம். நோயாளி மட்டும் அல்ல, பரீட்சை பயத்தில் தவிக்கும் டாக்டர் மாணவனும் பேசலாம்.

'ஏட்காம்' முதல் வருஷப் பாடங்களில் இன்னொன்றும் இருக்கிறது. அறுத்துப் பார்த்துப் படிப்பதற்காகக் கிடத்தப்பட்ட பிணம்தான் டாக்டர் மாணவனின் முதல் ஆசிரியர் என்கிறது அந்தப் பாடம்.

அந்த ஆசிரியர் வாய் பேசமாட்டார். மாணவனும் வாய் பேசாத ஆளிடம் படித்தே பழகி விடுகிறான்.

அடுத்த ஆசிரியர்கள் ஓ.பி. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். நைட் ஷிப்டு முடித்து, தூங்காமல் வந்து நிற்கிறார்கள். அவர்கள் பேசுவார்கள்.

18 வினாடிக்கு மேல் கேட்கத்தான் ஆள் வேண்டும்.